மாவும் குழியும்: பின்ன ஆய்வை எந்த வகுப்பறையில் வைப்பது?

மா, குழி என்ற பழைய நில அளவுகளை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சீக்கிரம் பிடிபடுமா? கேள்வி இவ்வளவுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, எந்தப் பக்கம் போனாலும் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும், வாயில் வருவது மாவும் வேலியும்தான். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அப்படியானால் ஒரு மா என்பது வேலியில் 1/20. பழைய தமிழ்க் கணக்கில் 1/20 என்ற பின்னத்துக்கே மா என்றுதான் பெயர். அஞ்சு மா கால் வேலி, பத்து மா அரை வேலி என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டபடி வரப்பில் நடக்கிற பிள்ளைக்கு 5/20-ம் 1/4-ம் ஒன்றுதான் என்று காட்ட கேக் படம் எதற்கு?

என்னிடம் இதைக் கொண்டுவந்தவள் மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். "யோசனை ஓகேக்கா. ஆனா எங்க போயிப் பண்றது?" என்றாள். அவள் மனதில் நாலு வழி இருந்தது. அரசுப் பள்ளி ஒன்றில் இரண்டு பிரிவை எடுத்து ஒப்பிடலாம். தன் வகுப்பிலேயே செய்யலாம். மாலை டியூஷன் மையத்தில் செய்யலாம். அல்லது பிள்ளைகள் பக்கமே போகாமல், ஏற்கெனவே எழுதிய நோட்டையும் தேர்வுத் தாளையும் மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

இதில் மூன்றை நான் செய்திருக்கிறேன், இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டேன். போனில் அவளுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எம்.எட். ஆய்வேட்டுக்காகப் பள்ளி தேடி அலைகிறவர்களுக்கும் பயன்படலாம்.

அரசுப் பள்ளி, ஏ பிரிவு, பி பிரிவு

ஆய்வு வழிகாட்டிகள் முதலில் கை காட்டுவது இந்தப் பக்கம்தான். ஏ பிரிவுக்கு மா, குழி. பி பிரிவுக்குப் புத்தகத்தில் உள்ளபடி. முன்தேர்வு, இருபது நாள் வகுப்பு, பின்தேர்வு, கடைசியில் இரண்டு பிரிவின் சராசரியையும் ஒப்பிட ஒரு டி-சோதனை. ஆய்வேட்டில் பார்க்க அம்சமாக இருக்கும்.

முதல் வேலை அனுமதி. பல்கலைக்கழகக் கடிதம், வழிகாட்டியின் கையொப்பம், கேள்வித்தாள் நகல் எல்லாவற்றையும் சேர்த்து முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் தபாலில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் பள்ளித் தலைமை ஆசிரியர். எனக்கு ஏழு வாரம் ஆனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் வெளியாள் நுழையும்போது நாலு பேர் ஏன் எதற்கு என்று கேட்கத்தான் வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். வருத்தம் வேறு இடத்தில். அந்த உத்தரவு கையில் வந்ததும் எல்லா அனுமதியும் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தலைமை ஆசிரியர் தர முடிந்தது பள்ளிக் கேட்டைத் திறக்கும் அனுமதி மட்டும்தான். பிள்ளை அவர் பிள்ளை இல்லை.

பெற்றோரிடம் போயாக வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் சரிபார்க்கத்தக்க ஒப்புதல். அச்சடித்த படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் பாதி வாய்க்காலில் போகும், மீதி அக்காள் கையெழுத்தில் வரும். ஆகவே நானே தெருத் தெருவாகப் போனேன். சம்பா நடவு நேரம். காலை ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் வயலில் இறங்கிவிடுவார்கள், சாயங்காலம்தான் பிடிக்க முடியும். ஒரு அம்மா காலில் சேறு காயாமல் வாசலில் நின்றபடியே கேட்டார்: "கையெழுத்து எதுக்கு டீச்சர்? லோனா? குழுவுல ஏற்கெனவே ரெண்டு ஓடுது." மகளிர் குழுக் கடன் வாரா வாரம் வாசலுக்கு வரும் ஊரில் கையெழுத்து என்றால் கடன்தான். பத்து நிமிடம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எச்செம் சாரு சரின்னுட்டாருல்ல, அப்புறம் நான் என்ன சொல்றது" என்று போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வழி இருந்ததா? சொன்னால் பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்களோ, ஹெச்.எம். முகம் சுளிப்பாரோ என்ற பயம் இருந்திருக்கலாம். அதனால் அடுத்த முறை படிவத்தையே மாற்றினேன். "சேராத பிள்ளைக்கும் இதே பாடம், இதே டீச்சர், இதே இடம்தான், அவர்கள் தாளை மட்டும் நான் எடுத்துப்போக மாட்டேன்" என்ற வரியை முதலில் வைத்தேன். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவரும் மறுக்காத ஒப்புதல் பட்டியலைவிட இந்த ஏழு பேர் எனக்குத் தெம்பாக இருந்தார்கள்.

பிள்ளையையும் கேட்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில், 7 முதல் 11 வயது வரை வாய்மொழியாகவும் 12-க்கு மேல் எழுத்திலும் பிள்ளையின் இசைவைப் பெறச் சொல்லியிருக்கிறது. கல்வி ஆய்வுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் நான் படித்த இடத்தில் நெறிமுறைக் குழு என்று ஒன்று இல்லவே இல்லை, கைக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். ஆறாம் வகுப்பு சரியாக அந்தப் பதினொன்று, பன்னிரண்டுக்கு நடுவில் இருக்கிறது. கேட்கிற விதமும் முக்கியம். "எல்லாருக்கும் சம்மதமா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டால் "சம்மதம் டீச்ச்ச்சர்" என்று ஒரே ராகத்தில் வரும். அது காலை வணக்கத்தின் இன்னொரு வடிவம்.

சரி, ஒப்புதல் முடிந்தது. நாள் கிடைக்குமா? ஆறாம் வகுப்பில் பின்னம் மூன்றாம் பருவத்தில், அதாவது ஜனவரிக்குப் பிறகு வருகிறது. பள்ளி திறந்து புத்தகம் கொடுத்து முடிப்பதற்குள் பொங்கல் விடுமுறை. தஞ்சை மாவட்டம் என்றால் திருவையாற்று ஆராதனைக்கு உள்ளூர் விடுமுறை, அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை. சம்பா அறுவடை நேரத்தில் பிள்ளைகள் வருகை குறையும். பிப்ரவரியில் மேல்வகுப்புச் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளி தேர்வு மையமாக இருந்தால் ஆறாம் வகுப்பு வராண்டாவுக்குப் போகும். கூட்டிக் கழித்தால் இருபது பீரியட் கிடைப்பதே பெரிய விஷயம். இதற்குப் பயந்து இரண்டாம் பருவத்துக்கு மாற்றினால் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கலெக்டர் எப்போது லீவு விடுவார் என்று பிள்ளைகளோடு நாமும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2018-இல் என் தோழி ஒருத்தி தீபாவளிக்கு முன் முன்தேர்வை முடித்து வைத்திருந்தாள். நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. கூரை போன வீட்டுப் பிள்ளைகளிடம் பின்தேர்வு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போனாள். சரியாகத்தான் செய்தாள்.

இத்தனையும் கூடிவந்தாலும் கணக்கு இடிக்கும். பல அரசுப் பள்ளிகளில் ஏ பிரிவு ஆங்கில வழி, பி பிரிவு தமிழ் வழி. இரண்டுக்கும் நடுவில் பாடமொழி மட்டுமா வேறுபடுகிறது? அப்பா வேலை, எந்தத் தெரு, யாருக்கு டியூஷன் என்று எல்லாமே வேறு. சாயங்காலம் இரண்டு பிரிவும் ஒரே வாய்க்கால் கரையில்தான் வீட்டுக்கு நடக்கும். மூன்றாம் நாளே என் பயிற்சித்தாள் பி பிரிவுப் பையன் ஒருவன் புத்தகத்துக்குள் இருந்தது. ஒப்பிடுவதற்காகத் தனியே வைத்த கட்டுப்பாட்டுக் குழுவைப் பிள்ளைகளே கலைத்துவிட்டார்கள்!

வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடாமல் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. ஒரு வகுப்பில் 40 பேர், ஒரே டீச்சர், ஒரே கரும்பலகை, பக்கத்து வகுப்பின் ஒரே சத்தம். அந்த நாற்பது பேரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று இழுக்கும். அந்த ஒற்றுமையைப் புள்ளியியலில் 0-இலிருந்து 1-க்குள் ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அதை 0.2 என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் ஒன்றைக் கழித்த 39-ஐ 0.2-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 8.8. இரண்டு பிரிவின் 80 பிள்ளைகளை இந்த 8.8-ஆல் வகுத்தால் சுமார் 9. எண்பது பேரைச் சோதித்தோம் என்று எழுதுகிறோம், ஆனால் கையில் உள்ள ஆதாரத்தின் எடை ஒன்பது பேருடையது. அதிலும் ஒரு முறைக்கு ஒரு வகுப்பு என்றால், வித்தியாசம் மா-குழியால் வந்ததா, அந்த டீச்சரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. சரியாகச் செய்ய வேண்டுமானால் இருபது, முப்பது பள்ளிகள் வேண்டும். பகுதிநேர ஆய்வாளர் ஒருத்தி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய்ச் செய்கிற வேலையா அது?

ஒன்பது பேர் அளவு ஆதாரத்துக்காக நாற்பது பிள்ளைகளை "உனக்கு இல்லை" என்று உட்கார வைப்பது நியாயமா? குழி அளக்க ஏ பிரிவுக்குக் கொண்டுபோன கயிற்றைப் பார்த்துவிட்டு, பி பிரிவுப் பையன் ஒருவன் நேராகவே கேட்டான்: "எங்க கிளாசுக்கு எப்ப டீச்சர் கயிறு கொண்டாருவீங்க?" முதல் இரண்டு வாரம் ஏ, அடுத்த இரண்டு வாரம் பி என்று முறை வைத்தால் இந்த அநியாயம் தீரும், நடுவில் வைக்கும் தேர்வில் ஒப்பீடும் கிடைக்கும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் இருபது பீரியட் கிடைப்பதே பெரிய விஷயம் எனும்போது, தடையில்லாத நாலு வாரம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்தேர்வு மதிப்பெண்ணை வகுப்பு டீச்சரிடம் காட்டாதீர்கள். 1968-இல் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், குலுக்கலாக எடுத்த சில பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மலர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறியதாக அறிவித்தார்கள். முடிவு எவ்வளவு உறுதியானது என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் நம் பள்ளியில் இதற்கு ஆய்வே தேவையில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும், தான் அரும்பு என்பதன் அர்த்தம் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. நம் முன்தேர்வு இன்னொரு அரும்புப் பட்டியல் ஆகிவிடக் கூடாது.

தன் வகுப்பிலேயே

செயலாய்வு என்று இதைச் சொல்வோம். மன்னார்குடியிலும் குருக்கத்தியிலும் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வழியாகப் பல ஆசிரியர்கள் செய்து பழகியதுதான். இதில் வெளியாள் பிரச்சினை இல்லை. புது ஆள் பின்பெஞ்சில் உட்கார்ந்தால் "ஆபீசர் வந்திருக்காங்க" என்று வகுப்பு நிமிர்ந்துவிடும். நாம் அளப்பது அந்த நிமிர்வைத்தான். சொந்த வகுப்பில் அது கிடையாது. பாடநேரமும் திருட்டுப் போகாது, எப்படியும் நடத்த வேண்டிய பின்னம்தான். சரிவராவிட்டால் புதன்கிழமையே நிறுத்திப் பழைய முறைக்குத் திரும்பலாம். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரால் அது முடியாது, அவருக்கு இருபது நாள் ஓடியாக வேண்டும்.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். தன் வகுப்பில் டீச்சரைக் கேட்க ஆளில்லை. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரித்து நடத்திக் காட்டினார். இனவெறி என்ன செய்யும் என்று உணர்த்துவது அவர் நோக்கம். பெற்றோரைக் கேட்கவில்லை. அன்று காலை பிள்ளைகள் பட்ட அவமானம் நிஜம். நோக்கம் நல்லதாக இருந்ததால் அது போதுமா என்று இன்றும் கேட்கிறார்கள்.

எலியட் தெரிந்தே செய்தார். நான் தெரியாமல் செய்தேன். பன்னிரண்டு வருடம் முன்பு, இதே மா-குழியை என் ஆறாம் வகுப்பில் முதல் தடவை முயன்றபோது, பயிற்சித்தாளில் முதல் கேள்வியாக இப்படி எழுதியிருந்தேன்: "உங்கள் வீட்டு நிலம் எத்தனை மா? அது ஒரு வேலியில் எத்தனை பங்கு?" பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து கணக்கு எடுக்கிறோம் என்று எனக்குப் பெருமை. முன்வரிசைப் பையன் ஒருவன் "எங்களுக்குப் பன்னண்டு மா, டீச்சர்" என்று சத்தமாகச் சொன்னான். 12/20, சுருக்கினால் 3/5. பலே என்றேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் ரொம்ப நேரம் எழுதாமல் இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், சுழியத்துக்குக் கீழ இருபது போடலாமா?"

போடலாம். 0/20, சரியான விடை. வகுப்பில் அதுவரை யாரும் யோசிக்காத பின்னம். ஆனால் அவள் கேட்டதும் வகுப்பு ஒரு நொடி அமைதியானது. எந்தத் தெருவுக்கு நிலம் இருக்கிறது, எந்தத் தெருவுக்கு இல்லை என்பது டெல்டாவில் கணக்குப் பாடம் இல்லை, அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும். சாதி என்ற கட்டத்தைக் கேள்வித்தாளிலிருந்து எடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதைத்தான் வேறு பெயரில் முதல் கேள்வியாக வைத்திருந்தேன். வழிகாட்டி பார்த்தார், ஹெச்.எம். பார்த்தார், நானும் நாலு தடவை படித்தேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் மூவர் வீட்டிலும் நிலம் இருந்தது.

அந்தத் தாளை அன்றே எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்கினேன். மறுநாள் 12 அடி கயிறு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 144 சதுர அடி. கொடிக்கம்பத்திலிருந்து சத்துணவுக் கூடம் வரை எத்தனை குழி, அது ஒரு மாவில் எத்தனை பங்கு என்று அளந்தார்கள். மைதானம் எல்லாருக்கும் சொந்தம். கயிற்றின் ஒரு முனையை அந்தப் பெண்தான் பிடித்தாள். நான் செய்ததை அது ஈடுகட்டியது என்று சொல்ல மாட்டேன்.

மன்னார்குடி டீச்சர் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. அவள் வேலை பார்ப்பது தனியார் பள்ளி. தாளாளர் ஒரே நாளில் சரி என்றுவிட்டாராம், பெற்றோரை எல்லாம் எதற்குக் கேட்க வேண்டும் என்றும் சொன்னாராம். "ரிசல்ட் நல்லா வந்தா வாசல்ல ஃபிளெக்ஸ் போட்ருவோம்" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நன்றாக வராவிட்டால்? அனுமதி தரும்போதே முடிவையும் கேட்கிற இடத்தில், எந்த முடிவு வந்தாலும் அப்படியே எழுதுவேன், ஃபிளெக்ஸில் பிள்ளைகள் படம் வராது என்று முன்கூட்டியே ஒரு காகிதத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் இடத்தில் அது எளிது என்று நான் நடிக்க மாட்டேன்.

மாலை மையம்

இது எளிதாகத் தெரியும், அதனாலேயே எனக்குப் பிடிக்காத வழி. சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் இல்லை, பாடத்திட்ட அவசரம் இல்லை. 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது பல ஆய்வாளர்களுக்கு இந்த ஆசை வந்தது. தெருவுக்குத் தெரு மையம், தன்னார்வலர் நம்ம ஊர்ப் பெண். ஆனால் மாலையில் வருகிற பிள்ளை தானாக வருகிற பிள்ளை. வராதவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பான், அல்லது தம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பான். மழை பிடித்தால் ஆறு மணிக்கே இருட்டு, பெண் பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது? பள்ளியில் ஏதாவது தப்பு நடந்தால் கேட்க ஹெச்.எம். இருக்கிறார், பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. திண்ணையில் யார் இருக்கிறார்கள்? அனுமதி கேட்க வேண்டாத இடம் என்றால் பிள்ளைக்குப் பாதுகாப்பும் இல்லாத இடம் என்று அர்த்தம். அவளிடம் வேண்டாம் என்றே சொன்னேன்.

நோட்டும் விடைத்தாளும்

பிள்ளையின் நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுக்காத வழி இது. பின்னத்தில் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று சென்ற ஆண்டின் தாள்களைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடலாம். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளை எத்தனை பேர், மேலே மேலே கூட்டிக் கீழே கீழே கூட்டும் அந்தப் பழக்கம் எந்தக் கணக்கில் வருகிறது, எதில் வருவதில்லை என்று தனித்தனியாகப் பிரிக்கலாம்.

மதிப்பெண் பட்டியலை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பருவம் முழுக்க வகுப்பில் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் 36-க்குக் கீழே யாருக்காவது போட்டிருக்கிறோமா, நம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். நானும் போட்டதில்லை. கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏறுவது அந்த எண்தான்.

சரக்கு இருப்பது நோட்டில், அதிலும் கடைசிப் பக்கங்களில். அங்கேதான் பிள்ளை உண்மையில் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. அடித்து, திருத்தி, விரலால் எண்ணி, ஓரத்தில் சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்திருக்கும். ஆனால் அதே பக்கத்தில் யார் பெயரையாவது பூப்போட்டு எழுதியிருக்கும், எந்த டீச்சரையாவது கொம்பு வைத்து வரைந்திருக்கும். ஒருமுறை என் படமே இருந்தது, கொம்பு சற்றுப் பெரிது. அந்தப் பக்கம் எனக்காக எழுதப்பட்டதில்லை. நோட்டு பள்ளியின் சொத்து இல்லை, பிள்ளையுடையது. எந்தப் பக்கத்தைப் படம் எடுக்கலாம் என்று பிள்ளையே பிரித்துக் காட்டட்டும். பெயர் எழுதிய அட்டையைப் படம் எடுக்கவே வேண்டாம்.

இந்த வழியில் ஒரு குறை. எங்கே இடறுகிறது என்று தெரியும், மா-குழி அதைச் சரிசெய்யுமா என்று தெரியாது.

எந்த வழியானாலும்

இரண்டு விஷயம் நாலு வழிக்கும் பொது. ஒன்று, பெயர் மறைப்பது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் "பள்ளியின் பெயர் மறைக்கப்பட்டுள்ளது" என்று இருக்கும். நன்றியுரையில் தலைமை ஆசிரியர் பெயரும் ஊரும் இருக்கும். பின்னிணைப்பில் பள்ளி முத்திரையோடு சான்றிதழ், அதற்கடுத்த பக்கத்தில் ஆய்வாளர் பிள்ளைகளோடு நிற்கும் கலர் படம். எம்.எட். ஆய்வேடுகள் பலவற்றில் இதை நான் பார்த்திருக்கிறேன், என்னுடையதிலும் அப்படித்தான் இருந்தது. கடற்கரைக் கிராமம், நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பில் பதினோரு பேர் என்று எழுதினாலே நாகைக்காரர்களுக்கு எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையோரத்துக்கு கணக்கெடுப்பு, ஆய்வு என்று படையெடுத்தவர்கள் ஏராளம். வந்தவர்களுக்குக் கட்டுரை கிடைத்தது. பதில் சொன்னவர்களுக்கு அதன் ஒரு பிரதியாவது போய்ச் சேர்ந்ததா?

இன்னொன்று, வாக்குறுதி. "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லாதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் தொல்லைக்கு ஆளாகிறது என்று தெரிந்தால் புகார் செய்வது கட்டாயம், மறைப்பது குற்றம். பின்னத்தைப் பற்றிப் பேசத்தான் போகிறோம், ஆனால் காது கொடுத்துக் கேட்கிற ஒரு பெரியவரிடம் பிள்ளை எதைச் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், முதலில் யாரிடம் போவது என்ற தெளிவும் முதல் நாளே இருக்க வேண்டும். "கணக்கைப் பத்தி நீ சொல்றது நமக்குள்ள இருக்கும். உனக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னா மட்டும் உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவேன்" என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு இது புரிகிறது.

அவளுக்கு நான் சொன்னது

முதல் ஆண்டு நோட்டும் விடைத்தாளும். தன் பள்ளியோடு நிற்காமல், சி.இ.ஓ. அனுமதி வாங்கி ஒரு அரசுப் பள்ளியின் தாள்களையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளின் தவறு மட்டும்தான் கிடைக்கும். விண்ணப்பம் ஜூனில் போய்விட வேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறக்கிறபோது கடிதத்தைக் கொடுத்தால் சம்பா நடவுக்குள் பதில் வரும் என்பது என் அனுபவக் கணக்கு.

இரண்டாம் ஆண்டு, மூன்றாம் பருவத்தில், தன் வகுப்பிலேயே மா-குழி. கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாள் எங்கே இருந்தது, எந்த நாளில் எதைத் தாண்டியது என்று பதிவு செய்யட்டும். விடைத்தாளை வேறொரு கணக்கு டீச்சர், பெயர் மறைத்துத் திருத்தட்டும். தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 36 போதும். பயிற்சித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், வீட்டில் நிலம் இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டட்டும். அவள் பள்ளியிலேயே ஆயாம்மா இருக்கிறார்.

இதில் அவள் இழப்பதும் உண்டு. "மா-குழி முறை சிறந்தது" என்று அவளால் எழுத முடியாது. "இந்த வகுப்பில், இந்தப் பிள்ளைகளிடம் இப்படி நடந்தது" என்றுதான் எழுத முடியும். அவளுடைய வழிகாட்டிக்கு இது பிடிக்கவில்லை. டி-சோதனை இல்லாமல் எப்படி என்று கேட்கிறாராம். 8.8 கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அதில் அவர் தப்புக் கண்டுபிடித்தால் நானும் திருத்திக்கொள்கிறேன். இதற்கிடையே அவள் கயிறு வாங்கிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆயாம்மாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிப் பள்ளி மைதானத்தை அளந்திருக்கிறார்கள். 61 குழி. எத்தனையோ வருடம் வயலில் நடவு நட்டவர், அரை மாவுக்குச் சற்று மேலே என்றால் இவ்வளவு இடம்தானா என்று ஆயாம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லையாம். மறுபடி அளக்கச் சொன்னாராம்.